மாதம்மாவின் வலது கையும் என் பொறாமையும்

இப்படி எழுதுவதெல்லாம் ஓய்வு பெறுகிறவர்கள் செய்கிற காரியம். எனக்கு இன்னும் முப்பதே முடியவில்லை. அடுத்த மாதம் மைசூரை விட்டு, கொள்ளேகாலில் திறக்கிற நம் ஆஸ்பத்திரியின் புதுக் கிளைக்குப் போகிறேன். நம் வீக்கப் பிரிவுக்குப் புதிதாக நீங்கள் நாலு பேர் வந்திருக்கிறீர்கள். "வந்த பிள்ளைங்களுக்கு உபயோகமா ஏதாவது எழுதி வச்சுட்டுப் போப்பா" என்றார் பிரிவுத் தலைவி. நாலு பேருமே தமிழ் வீட்டுப் பிள்ளைகள், ஆனால் இரண்டு பேருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று கேள்வி. மற்ற இரண்டு பேர் வாசித்துக் காட்டுங்கள்.

கட்டுப் போடும் விதம், தோலைப் பார்த்துக்கொள்வது எல்லாம் தலைவியே என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் எழுத உட்கார்ந்தது பொறாமையைப் பற்றி. பிசியோதெரபிப் படிப்பில் அதற்குப் பாடம் கிடையாது. ஆனால் இந்த வேலையில் அது வரும்.

ஏன் வரும் என்றால், டாக்டர் ஒரு நோயாளியைப் பார்ப்பது ஐந்து நிமிடம். நாம் பார்ப்பது வாரக்கணக்கில், தினமும். வீங்கிய ஒரு கையோ காலோ நம் இரண்டு கைக்குள் கிடக்கும். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் சொல்லாததை எல்லாம் நம்மிடம் சொல்வார்கள். கொஞ்ச நாளில் "என் பேஷண்ட்" என்று வாயில் வந்துவிடும். அதற்கப்புறம் அந்தப் பேஷண்ட் பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்தால்கூடத் தாங்காது.

பக்கத்து மேசை எனக்கு ஜெசிந்தா. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் அம்மா நர்ஸ், அப்பா வாத்தியார். மருந்துப் பெயர்களைச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே கேட்டு வளர்ந்தவள். நான் கொள்ளேகாலைத் தாண்டி, காட்டோரத்தில் தமிழ் புழங்குகிற ஹனூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன். வேலை கிடைத்ததும் அப்பா, "என்ன வேலைடா?" என்று கேட்டார். கை கால் வீக்கத்தை நீவி வடிய வைக்கிற வேலை என்றேன். "அதுக்கா இத்தன வருசம் படிச்சே? நம்மூர்ல எண்ணெய் போட்டு உருவி விடறவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தாப் போதுமே" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உருவி விடுகிற நினைப்பு என் கையிலும் இருந்தது. மண்வெட்டி பிடித்த கை, அழுத்தினால்தான் வேலை செய்ததாக ஒப்புக்கொள்ளும். நிணநீர் ஓடுகிற மெல்லிய குழாய்கள் தோலுக்கு அடியிலேயே கிடக்கின்றன. அழுத்தினால் மூடிக்கொண்டுவிடும். தோலைத் தள்ளினால் போதும், சதையைத் தொடவே வேண்டாம் என்று தலைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அது பழக மாதக்கணக்கில் ஆனது. ஜெசிந்தா முதல் நாளே, தூங்குகிற குழந்தைக்குச் சட்டை கழற்றுகிறவளைப் போலத் தொட்டாள். அவள் மேசையில் படுத்தவர்கள் குறட்டை விட்டார்கள். என் மேசையில் படுத்தவர்கள் கண்ணை விழித்து மின்விசிறியைப் பார்த்தார்கள். "அந்தச் சிஸ்டர் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். "இருக்காங்க, நானும் இருக்கேன்" என்பேன். அவர்கள் அவள் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

அப்படி இருந்தபோதுதான் மாதம்மாக்கா வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். ஹனூர் தாலூகாவில் விவசாயம். மார்பில் புற்றுநோய் வந்து அறுவை செய்து, கரண்ட் என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சு வைத்து, எல்லாம் முடிந்து வருடம் திரும்பின பிறகு வலது கை வீங்க ஆரம்பித்திருந்தது. முதல் நாள் ஜெசிந்தாதான் விவரம் கேட்டாள். அக்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கமிருந்து, "எப்ப இருந்துங்க்கா வீங்குது?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். சட்டென்று திரும்பினார்.

"தம்பி எந்தூருங்க?"

சொன்னேன்.

"அட, நம்ம பக்கந்தானா! அந்தப் புள்ள பாதி கன்னடமும் பாதி இங்கிலீசுமாப் பேசுது, ஒண்ணும் வெளங்கல கண்ணு. எனக்கு நீயே பாரு."

ஜெசிந்தா, "ஆயித்து, சரி, உன் ஊர்க்காரங்க, நீயே வச்சுக்கோ" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை. முதல் முறையாக ஒருவர் அவளை விட்டு என்னிடம் வந்திருக்கிறார்.

"மாரைத்தானே எடுத்தாங்க, கை எதுக்குத் தம்பி வீங்குது?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் பாஷையில் ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகப் படத்தைக் காட்டாதீர்கள். நான் இப்படிச் சொன்னேன்.

"கெணத்துத் தண்ணி வாய்க்கால்ல காட்டுக்குப் பாயுதுல்லங்க்கா. பாய்ஞ்சது போக மிச்சம்?"

"பள்ளத்துக்கு வடியும்."

"வடிகால அடைச்சுப்போட்டா?"

"தண்ணி கட்டி வேரழுகிப் போகும்."

"ரத்தம் போறது வாய்க்கால். ஒடம்புல கசியற மிச்சத் தண்ணிய வாரிக்கிட்டுப் போறதுக்குத் தனியா வடிகால் இருக்குங்க்கா. அதுதான் நிணநீர்ங்கறது. அந்த வடிகால் அக்குளத் தாண்டிப் போறப்ப வழியில செக்போஸ்ட் மாதிரி சின்னச் சின்னக் கட்டி வரிசையா இருக்கும். கிருமி எது வந்தாலும் நிறுத்திச் சோதிச்சுத்தான் விடும். உங்க நோய் அந்தச் செக்போஸ்ட் வரைக்கும் வந்துட்டதால அதையும் சேர்த்து எடுத்துட்டாங்க. வடிகாலும் அடைஞ்சுபோச்சு, காவலும் இல்ல."

காட்டோரத்துச் செக்போஸ்ட்டுகளைக் கடந்து கடந்து பஸ்ஸில் போய் வருகிறவர். உடனே பிடித்துக்கொண்டார். "செக்போஸ்ட்டே இல்லீன்னா லாரிக்காரனுக்குக் கொண்டாட்டந்தான்" என்று சிரித்தார்.

"அதேதாங்க்கா. அந்தக் கையில ஒரு கீறல்கூட ஆகக்கூடாது."

கை நன்றாகவே வடிந்தது. இரண்டாவது வாரத்தில், கை சீக்கிரம் வடிய வேண்டும் என்று அவசரப்படுகிற காரணத்தைச் சொன்னார். மகள் பவித்ராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கொள்ளேகால். அம்மாவுக்கு வந்த நோய் அவர்களுக்குத் தெரியாது. "தெரிஞ்சா பொண்ணுக்கும் நாளைக்கு வரும்னு நெனப்பாங்க தம்பி. நிச்சயம் பண்ணினது நின்னுபோச்சுன்னா அதுக்கப்புறம் என் புள்ளைய எவன் கேட்டு வருவான்? எடது கையா இருந்திருந்தா முந்தானைக்குள்ள மறைச்சிருப்பேன். பாழாப்போனது வலது கையாப் போச்சே. தாரை வார்க்கறப்ப அத்தன சனமும் அந்தக் கையத்தான பாக்கும்?"

யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன் என்றார். அந்த வாக்கியத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்துத் தாழ்வாரத்தில் பார்க்கிறேன், ஜெசிந்தா பின்னால் நின்று மாதம்மாக்காவுக்குக் கொண்டை போட்டுவிடுகிறாள். கட்டுப் போட்ட கையைத் தலைக்குத் தூக்க முடியாதே, அதனால். ஆனால் அக்கா அப்போது பேசிக்கொண்டிருந்தது முகூர்த்தப் புடவை பற்றி. அரக்கில் எடுக்கலாமா, பச்சையில் எடுக்கலாமா என்று. என்னிடம் நோயைச் சொன்னவர் அவளிடம் புடவையைச் சொல்கிறார். எனக்கு வயிறு எரிந்தது என்று எழுதினால் கொஞ்சம் கம்மியாக எழுதியதாகிவிடும்.

போதாததற்கு ஒரு நாள் ஜெசிந்தாவின் மேசையில் மூலைக்கு மஞ்சள் தடவின கல்யாணப் பத்திரிகை. எனக்கு வரவில்லை. கட்டுப் போடும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவே சொன்னார். "கோவிச்சுக்காத கண்ணு. நீ எங்கூர்ப் பக்கத்துப் பையன். ஆசுபத்திரில வேல பாக்கறது பாதிச் சனத்துக்குத் தெரியும். உன்னக் கண்டா, இந்தத் தம்பி யாரு, யாருக்கு ஒடம்புக்கு என்னன்னு தோண்டுவாங்க. அந்தப் புள்ளன்னா பவித்ராவோட சினேகிதின்னு சொல்லிக்கலாம்." நியாயம்தான். "பரவாயில்லீங்க்கா" என்றேன். சொன்னேனே தவிர, மனசு ஆறவில்லை.

கட்டோடு ஊருக்குப் போயிருந்த அக்கா, கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பவித்ராவோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார். கையில் கட்டு இல்லை. வீக்கம் ஏறியிருந்தது. முந்தின நாளுக்கு முந்தின நாள் வீட்டில் வளையல் சடங்கு. வளையல்காரர் வந்து உட்கார்ந்து, முதலில் பெண்ணுக்கு, அடுத்துப் பெண்ணின் அம்மாவுக்கு, பிறகு எல்லாப் பெண்களுக்கும் பச்சைக் கண்ணாடி வளையல் போடுவார். அக்கா கட்டைக் கழற்றி ஒளித்துவிட்டு இடது கையை மட்டும் நீட்டியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா, "ஒத்தக் கைக்கு வளையல் போடறது எந்த ஊர்ப் பழக்கம்?" என்று சபையில் கேட்க, வேறு வழியில்லாமல் வலது கையையும் நீட்டிவிட்டார். சோப்பு நுரை போட்டு ஏற்றியும் ஒன்று உடைந்தது. புறங்கையில் ஒரு கீறல். பார்த்தால் பூனை பிராண்டினதுகூட அதைவிடப் பெரிசாக இருக்கும்.

"இறுக்கிக் கட்டு தம்பி. நாலு நாள்ல எறங்கிரணும். எப்பவும் கட்டறதவிட இறுக்கமா."

இங்கே நிறுத்திக் கவனியுங்கள். புத்தகத்தில் கிருமி ஏறின கையின் படம் இருக்கிறது, வெள்ளைக்காரர் கை, தக்காளி மாதிரி சிவந்திருக்கும். நம்முடைய ஆட்களின் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. அக்காவின் கை எப்போதும் போலக் கறுப்புதான், கொஞ்சம் பளபளப்பு கூட. தெர்மாமீட்டர் வைத்தேன், காய்ச்சல் இல்லை. "குளிரு நடுக்கம் ஏதாச்சும்?" "ஒண்ணும் இல்ல கண்ணு, நல்லாத்தான் இருக்கறன்." கீறலுக்கு மேலே என் விரல் வைத்தால் மட்டும் அவர் மூச்சு ஒரு நொடி நின்றது. சூடு இருக்கிற மாதிரியும் இருந்தது. பஸ் ஜன்னலோரம் வெயிலில் வந்த சூடோ என்றும் இருந்தது.

கிருமி ஏறின கையை நீவினாலும் கட்டினாலும் உள்ளே இருப்பதை ரத்தத்துக்குத் தள்ளிவிடுகிற அபாயம் உண்டு. காவல் இல்லாத கை அது. ஒன்றுமில்லாத கையைக் கிருமி என்று சொல்லி வார்டில் படுக்க வைத்தாலோ, கல்யாணத்து வாரத்தில் பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரியில் என்ற செய்தி கொள்ளேகாலுக்குப் போய்விடும். எந்தப் பக்கம் தவறினாலும் அது அவர் தலையில்தான் விழும். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். பக்கத்து மேசையில் ஜெசிந்தா.

அவளைக் கூப்பிட எனக்கு எவ்வளவு கசந்தது என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் ஊர்க்காரர், என் பேஷண்ட், என்னிடம் மட்டும் சொன்ன ரகசியம். அவள் வந்து கையை வைத்து ஒரு வார்த்தை சொன்னால், பிழைக்க வைத்தது அவள் என்றாகிவிடும். இருந்தும் கூப்பிட்டேன். சந்தேகம் வந்த கைக்கு இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை யாருடையது என்று தேர்ந்தெடுக்க நமக்கு நேரம் இருக்காது.

அவள் வந்தாள். தன் புறங்கையை அக்காவின் இரண்டு கைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பிறகு என்னை வெளியே கூப்பிட்டாள்.

"சூடு இருக்கு. ஆனா இவங்க கை எப்பவுமே சூடா, இன்னிக்குத்தானா, எனக்குத் தெரியாது. நீ தினமும் தொடற கை. நீ சொல்லு."

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணுறத வச்சு என்ன பண்றது? நான் கொண்டை போட்டுவிட்டிருக்கேன், அவ்வளவுதான்."

கேலியாகச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது. உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தேன். முந்தின வாரம் நான் கட்டி அனுப்பிய கை இல்லை அது. முழங்கைக்கு உள்பக்கம் தோல் என் விரலோடு வராமல் இழுத்துப் பிடித்தது.

"கட்டு கிடையாதுங்க்கா. நீவறதும் கிடையாது. இப்பவே அட்மிட் ஆகணும். ஊசி மருந்து ஏத்தணும்."

மாதம்மாக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "உன்னை நம்பித்தானே எல்லாத்தையும் சொன்னன்? தெரிஞ்சே என் புள்ள கல்யாணத்துல மண்ணப் போடறயா?" குரல் உயர்ந்தது. "அந்தப் புள்ளையக் கூப்பிடு. அது கட்டும். நீ போ."

ஜெசிந்தா அவர் பக்கத்தில் போய் நின்று இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் கட்ட மாட்டேம்மா. அவன் சொன்னதுதான்." அதற்கும் அக்கா அவளைத் திட்டவில்லை. அவள் தோளில் சாய்ந்துகொண்டு அழுதார். திட்டு எனக்கு, தோள் அவளுக்கு.

அதுவரை சுவரோரமாக நின்ற பவித்ரா வாய் திறந்தாள். "பொய் சொல்றாங்க சார். நேத்து ராத்திரி பூரா நடுங்கினாங்க. காலையில பஸ் ஏறுறதுக்கு முன்னாடி காய்ச்சல் மாத்திர போட்டாங்க."

தெர்மாமீட்டர் ஏன் ஒன்றும் காட்டவில்லை என்பது அப்போது புரிந்தது. மாத்திரை போட்டீர்களா என்று நீங்கள் முதலில் கேளுங்கள், அவர்களிடம் மட்டும் கேட்காமல் கூட வந்தவரிடமும் கேளுங்கள்.

டிரிப்ஸ் இடது கையில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா, "சம்பந்தியம்மா இன்னிக்குச் சாயங்காலம் பொடவையோட ஊட்டுக்கு வர்றாங்க. நான் எங்கேன்னு கேப்பாங்களே" என்று அரற்றிக்கொண்டே இருந்தார். நானும் ஜெசிந்தாவும் கட்டிலின் இரண்டு பக்கம். பவித்ரா போனை எடுத்து, அம்மா கையை நீட்டித் தடுப்பதற்குள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"அத்தை, நான் பவித்ரா. அம்மா மைசூர் ஆஸ்பத்திரில இருக்காங்க. அவங்களுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மார்ல புத்துநோய் வந்து ஆபரேசன் ஆச்சு. உங்ககிட்ட சொல்லல. இப்பக் கையில கிருமி ஏறிருச்சு. இதுக்கு மேல மறைக்க முடியாது. உங்களுக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

போனுக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. மாதம்மாக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எந்தக் கை?" என்றது போன்.

"வலது கை அத்தை."

"அதானா. வளையல் போடறப்பவே எம் பொண்ணு வந்து சொன்னா, பொண்ணோட அம்மாவுக்கு ஒரு கை ஒரு தினுசா இருக்குதுன்னு." குரல் கடுகடுத்தது. "எங்களையெல்லாம் மனுசங்கன்னு நெனச்சிருந்தாச் சொல்லியிருப்பீங்க. இந்தக் கோவம் எனக்கு லேசுல போவாது பாத்துக்க. போன அம்மாகிட்டக் குடு."

பவித்ரா போனை நீட்டினாள், அக்கா அழ ஆரம்பித்தார்.

"அழுவாதீங்க, அழுதா எனக்கு ஆகாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தாரை வார்க்கச் சொம்பு தூக்க முடியுமா, முடியாதா? முடியாதுன்னா பொண்ணோட பெரியம்மாவ நிக்க வைக்கணும், முன்கூட்டியே சொல்லணும்ல?"

மாதம்மாக்கா நிமிர்ந்து பார்த்தார். என்னை அல்ல, ஜெசிந்தாவை. ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.

"சின்னச் சொம்பு, பாதித் தண்ணி," என்றேன் போனைப் பார்த்து. "யாராவது முழங்கையத் தாங்கிப் பிடிச்சுக்கணுங்க. கை கீழ தொங்கக்கூடாது."

"நீங்க யாரு?"

"கையப் பாத்துக்கறவன்."

"சரி" என்று வைத்துவிட்டார்.

மூன்று நாள் ஊசி மருந்து. கல்யாணத்துக்கு முந்தின நாள் டாக்டர் மாத்திரையோடு அனுப்பி வைத்தார். கட்டு இல்லை, வளையலும் இல்லை, வீங்கின கை வீங்கினபடியே. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வரவில்லை என்று கேள்வி. அக்கா புறப்படும்போது ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டார். என்னிடம், "வர்றன் தம்பி" என்றார். இனி மறைக்க எதுவும் இல்லை, நீயும் வா என்று சொல்வார் என்று வாசல் வரைக்கும் கூடப் போனேன். ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டார்.

ஜெசிந்தா கல்யாணத்துக்குப் போய் வந்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே உட்கார்ந்து போனை நீட்டினாள். தாரை வார்க்கிற வீடியோ. பவித்ரா அரக்குப் புடவையில். வெறுங்கையாக, உருண்டு திரண்ட அந்த வலது கை, அத்தனை சனத்துக்கும் நடுவில் சின்னச் செம்பைப் பிடித்திருந்தது. பக்கத்தில் பருமனான ஒரு அம்மாள், முகத்தில் இன்னும் கோபம் தீராமல், உள்ளங்கையை அகல விரித்து முழங்கையைக் கீழிருந்து தாங்கியிருந்தார். தண்ணீர் முழுவதும் விழுந்து முடிகிற வரை அந்தக் கையைத் தொங்க விடவில்லை.

"சம்பந்தியம்மா" என்றாள் ஜெசிந்தா. "நல்லாப் பிடிச்சிருக்காங்க இல்ல?"

பிடித்திருந்த விதம் சரிதான். ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் என் கை இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. வீடியோவை எனக்கு அனுப்பு என்று அவளிடம் கேட்க மனசு வரவில்லை. அவள் கை கழுவப் போன நேரத்தில், அவள் போனிலேயே இன்னொரு தரம் ஓடவிட்டுப் பார்த்தேன்.